மாசி இரவை மேடைக்குள் அடைக்காதீர்கள்

ஒக்டோபர் கடைசியில், "ஹாலோவீன் நமக்கு எதற்கு? பேய் வேடம் போட்டு ராத்திரியில் ஊர் சுற்றுவது வெள்ளைக்காரன் பழக்கம்" என்று கோபப்படுகிறவர்களும், மாசி பிறந்ததும், "காமன் கூத்து இன்னும் எதற்கு? படித்த பிள்ளைகள் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு லயம் லயமாகத் திரிவது கேவலம்" என்று முகம் சுளிக்கிறவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. பதுளைக் கடைத்தெருவிலும், பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களின் கோயில் கமிட்டிக் கூட்டங்களிலும், பாடசாலை ஆசிரியர் அறைகளிலும் இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கேட்கலாம். முதல் பேச்சில் பண்பாட்டுப் பற்று தெரிகிறது. இரண்டாவதில் முன்னேற்ற ஆசை தெரிகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: மலையகத்து இளைஞன் வேடம் கட்டி இரவில் வெளியே வரக்கூடாது, எந்த மாதமானாலும் சரி.

இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் லயத்துக் காம்பராவில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் ஆனவர்கள். தங்கள் பிள்ளைகள் மறுபடி அந்தக் காம்பராவுக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை மதிக்கிறேன். அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. கூத்து எழுத்தறியாத காலத்துச் சங்கதி, கல்வி வந்ததும் தானாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். அது சம்பளத்தைத் தின்கிறது, குடியை வளர்க்கிறது, சாதியைச் சுமந்து வருகிறது என்கிறார்கள். ஆகவே அதில் நல்லதாக இருப்பதை இருபது நிமிடத்துக்குச் சுருக்கி மேடையில் வைத்துக் காப்பாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்கிறார்கள். இவற்றில் ஒன்றே ஒன்று நேர்மையான ஆட்சேபம். அதற்குப் பிறகு வருகிறேன். மற்றவை யாரும் சரிபார்க்காமல் திரும்பத் திரும்பச் சொல்லி உண்மையாகிப்போனவை.

கூத்தை மேடையில் மட்டுமே பார்த்தவர்களுக்காக, அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் காமன் நடுவார்கள். தோட்டத்தில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு, காமன் பொட்டல் என்பார்கள். கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பம் அங்கே நிற்கும். வேடம் கட்டப் போகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பகலெல்லாம் மலையில் கவ்வாத்தும் முள்ளுக்குத்தும். பொழுது சாய்ந்தால் கூத்துப் பழக்கும் மாஸ்டர் முன்னால் பாட்டும் அடவும். பிறை வளர வளர ஆட்டமும் வளரும். பௌர்ணமியை ஒட்டிய கடைசி இரவு விடிய விடியக் கூத்து. ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும். தேவர்களிடமிருந்து ஓலையோடு தூதன் வருவான். தவத்தில் இருக்கும் சிவன் மேல் மலரம்பு விட வேண்டும் என்பது ஓலை. போகாதே என்று ரதி கெஞ்சுவாள். அவன் போவான். வீரபத்திரன் வருவான், எமன் வருவான், குறவனும் குறத்தியும் வருவார்கள், கோமாளி நடுவில் புகுந்து எல்லாரையும் கேள்வி கேட்பான். நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். பிறகு ரதியின் புலம்பல். ஆண் ஒருவர் சேலை கட்டிப் பாடும் அந்த ஒப்பாரியைக் கேட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். நடிப்பு என்று தெரிந்துகொண்டே அழுவார்கள். காமன் மறுபடி உயிர் பெறுவதோடுதான் கூத்து முடியும்.

இதெல்லாம் ஒரே திடலில் நின்று நடப்பதல்ல. தப்பு முன்னே போக, வேடம் கட்டியவர்கள் லயம் லயமாக நடப்பார்கள். வாசல் தெளித்து விளக்கேற்றிக் காத்திருக்கும் வீடுகள் அரிசியோ தேங்காயோ காசோ முடிந்ததைக் கொடுக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் முறை மாறும், பாட்டு மாறும், வரிசையும் மாறும். நடை மாறாது.

இந்த நடையைத்தான் படித்தவர்கள் "திரிவது" என்கிறார்கள். தோட்டம் என்பது எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். பேர் போட்டால்தான் சம்பளம். துரை வரும் வழியில் குடை பிடித்து நடக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெளியார் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரின் நிலையைக் கண்ணால் பார்க்க விரும்பியபோது நேர்வழியில் உள்ளே போக முடியவில்லை. புடவை வியாபாரி வேடத்தில்தான் போனார். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் அடியே வேடம் கட்டி வைத்த அடி என்பதை நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தருகிறோமா?

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் முடங்கிக் கிடந்த சனத்துக்கு, வருடத்தில் சில இரவுகளாவது தோட்டத்துப் பாதை முழுவதும் சொந்தமானது. பகலில் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஆண்ட அதே பாதையில் இரவில் சிவனும் எமனும் வீரபத்திரனும் நடந்தார்கள். அவர்கள் எல்லாரும் லயத்து ஆட்கள். மேற்கணக்கு ஆட்கள் பணியக்கணக்குக்கு வந்தார்கள், பணியக்கணக்கு மேற்கணக்குக்குப் போனது. மாலை ஆனால் அவரவர் லயத்துக்குள் அடங்க வேண்டிய ஏற்பாட்டில், ஒரு டிவிசன் இன்னொரு டிவிசனைக் கூட்டமாகச் சந்தித்தது இந்த இரவுகளில்தான். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள், நிலம் இல்லாதவனுக்கு நடக்க ஒரு பாதை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கல்வி வந்தது, கூத்து போயிற்று என்ற கதைக்கு வருவோம். இதுதான் எல்லாவற்றையும்விடப் பரவலான பொய். பொய் என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன், ஏனென்றால் இந்தக் கதை நமக்கு நடந்ததை மறைக்கிறது.

1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மவர் குடியுரிமை போனது. மறு வருடம் வாக்குரிமையும் போனது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் மலைநாட்டு ரயில் நிலையங்களில் ஒப்பாரிதான். குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களில் மாஸ்டர்களும் இருந்தார்கள், ரதி கட்டியவர்களும் இருந்தார்கள், தப்படித்தவர்களும் இருந்தார்கள். பாட்டு இவர்கள் மனத்தில் இருந்தது; ஆள் போனால் பாட்டும் போகும். ஒரு தோட்டத்துக் கூத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். அதில் நாலு பேரைக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களைப் பார்த்து, நாகரிகம் வந்ததும் கூத்தை விட்டுவிட்டீர்கள் என்று சொல்வது என்ன நியாயம்?

1973, 74-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. சோற்றுக்கு வழியில்லாத லயத்தில் வேடத்துக்கு யார் அரிசி கொடுப்பார்கள்? 1977-இல் கலவரம். 1983 ஜூலையில் பதுளை நகரமே எரிந்தது. அதற்குப் பின் 1987 முதல் 89 வரை ஊவா கண்ட இரவுகளை இங்கே வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்: ஒரு பக்கம் ஜே.வி.பி.யின் ஆயுதப் போர், மறுபக்கம் அரசின் அடக்குமுறை, ஊரடங்கு. பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்து, விளக்கை அணை என்று பழகிய தலைமுறை அது. வடக்கு கிழக்கில் போர் நடந்த காலம் முழுவதும் அடையாள அட்டை இல்லாத தமிழ் இளைஞன் இரவில் பாதையில் நிற்பது கைதாவதற்குப் போதுமான காரணமாக இருந்தது. 2000 ஒக்டோபர் 25-இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களைக் கொன்றது. இவ்வளவுக்கும் பிறகு தாய்மார் பிள்ளையைப் பார்த்து, ராத்திரியில் வெளியே போகாதே என்றார்கள். அந்தப் பயம் இன்றுவரை வீட்டுக்குள் இருக்கிறது. அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

இத்தனையையும் தாண்டி இன்னும் சில தோட்டங்களில் மாசியில் காமன் நிற்கிறான் என்றால், அது தானாகச் சாகும் ஒன்றின் அறிகுறியா? குடியுரிமை இல்லாத காலத்திலும், மாஸ்டர்கள் கப்பலேறிய காலத்திலும், ஊரடங்குக் காலத்திலும் யாரோ சிலர் அந்தப் பாட்டை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். சாக விட்டுவிடலாம் என்று இன்று சொல்கிறவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

கூத்து வெறும் மூடநம்பிக்கை என்பார் உண்டு. எரிந்தவன் யார், ஏன் எரிந்தான் என்று கதையைக் கவனிக்க வேண்டும். தேவர்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. தாங்கள் போகாமல் மன்மதனை அனுப்பினார்கள். மறுக்க முடியாத இடத்திலிருந்து வந்த கட்டளை அது. ஏவியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏவப்பட்டவன் சாம்பலானான். வீட்டுக்காரி வீதியில் நின்று நியாயம் கேட்டாள். மேலிடத்துச் சொல்லுக்காக மலைச்சரிவில் ஏறி, விழுந்து, அட்டை கடித்து, குளவி கொட்டிச் செத்தவர்களின் சந்ததி இந்தக் கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டதில் அறியாமை எங்கே இருக்கிறது? உயிர் பெற்ற மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்கிறது புராணம். புருஷனைப் புதைத்துவிட்டு மறுநாள் கூடை கட்டிக்கொண்டு மலைக்குப் போன பெண்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

கூத்தில் மயங்கிக் கிடந்த சனம் உரிமைக்குப் போராடாது என்றும் ஒரு வாதம் உண்டு. இடதுசாரிகள் சிலரே இதைச் சொல்லியிருக்கிறார்கள். 1940-இல் பதுளைப் பகுதியில், வேவெஸ்ஸ தோட்டத்தில், தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தங்களுக்கென ஒரு சபையைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்தாலோசித்து நடக்கத் துரை இணங்க வேண்டி வந்தது. ஊவாவின் அந்த வேலைநிறுத்த அலையை எழுப்பியவர்கள் கூத்துப் பார்த்தே வளர்ந்த தலைமுறையினர். ஆளுக்கொரு பொறுப்பைப் பிரித்துக்கொள்வது, காசு சேர்த்துக் கணக்குக் காட்டுவது, டிவிசன் டிவிசனாக ஆட்களைக் கூட்டுவது எல்லாம் அவர்களுக்கு எந்தப் பாடசாலையில் கிடைத்தன? அன்று தோட்டத்தில் இருந்த பாடசாலை அரைநாள் பாடசாலை. கோயில் திருவிழாவும் கூத்தும்தான் அவர்களுக்குக் கூடிச் செயல்படக் கற்றுக் கொடுத்தன என்பது என் உறுதியான எண்ணம்.

காசு விரயம் என்ற பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு இந்த மக்கள் வருடக்கணக்காகத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. 2021-இல்தான் வந்தது, வந்த நேரத்தில் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. அந்தக் கணக்கைக் கேட்காதவர்கள், வருடத்துக்கு ஒருமுறை ஒரு குடும்பம் தப்புக்காரர் தட்டில் போடும் நூறு ரூபாவை எண்ணுகிறார்கள். குடியும் அப்படித்தான். காப்புக் கட்டியவன் குடிப்பதில்லை. குடித்தால் மாஸ்டரே வேடத்தைக் கழற்றச் சொல்வார். சுற்றி நின்று குடிக்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் சம்பள நாளன்றும் குடிக்கிறார்கள், தீபாவளிக்கும் குடிக்கிறார்கள், தேர்தல் காலத்தில் இலவசமாகவே குடிக்கிறார்கள். தோட்டத்து வாசல்வரை சாராயக் கடை வந்ததற்குக் காமன் காரணமில்லை. பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்பவர்கள், ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத வகுப்புகளை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

இனி அந்த நேர்மையான ஆட்சேபம். கூத்தில் சாதி இருக்கிறது. தப்படிப்பது ஒரு பிரிவினரின் கடமை என்று ஆக்கி, அடித்த கைக்குக் கூலியும் தராமல் மரியாதையும் தராமல் வைத்திருந்த தோட்டங்கள் உண்டு. இன்னார் வீட்டுப் பையன் சிவன் கட்டலாம், இன்னார் வீட்டுப் பையன் கட்டக்கூடாது என்று கோயில் கமிட்டியில் சண்டை நடந்த தோட்டங்களும் உண்டு. அவமானத்தோடு தப்பைத் தூக்கிய தகப்பனைப் பார்த்து வளர்ந்த மகன், இனி எனக்கு அந்தப் பக்கமே வேண்டாம் என்றால், அவனிடம் பண்பாடு பேச எவருக்கும் தகுதியில்லை. பெண்கள் சேதி இன்னொன்று. தோட்டத்தைச் சுமப்பவர்கள் பெண்கள். கொழுந்து பறிப்பது அவர்கள், வீட்டில் சோறாக்குவது அவர்கள், வெளிநாட்டுக்குப் போய் உழைத்துப் பணம் அனுப்புவதும் அவர்கள். ரதியின் துக்கம் அவர்களுடைய துக்கம். ஆனால் ரதி வேடம் அவர்களுக்கு இல்லை. வாசலில் நின்று பார்க்கலாம், பாதையில் நடக்க முடியாது.

இதை மூடி மறைத்துக்கொண்டு காமன் கூத்தைப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஆட்சேபத்தை வைத்துக் கூத்தை ஒழிக்கச் சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதே சாதி கோயில் நிர்வாகத்தில் இருக்கிறது, கல்யாணத்தில் இருக்கிறது, தொழிற்சங்கத் தலைவர் தெரிவில் இருக்கிறது. கோயிலை இடிக்கவோ கல்யாணத்தை நிறுத்தவோ சங்கத்தைக் கலைக்கவோ எவரும் சொல்வதில்லை. திருத்த வேண்டும் என்கிறோம். கூத்துக்கு மட்டும் ஏன் மரண தண்டனை? தமிழ்நாட்டில் பறை இன்று பல்கலைக்கழக மாணவரும் பெண்களும் கையில் எடுத்து முழக்கும் இசையாகியிருக்கிறது. அதை அவமானச் சின்னமாக வைத்திருந்தவர்களிடமிருந்து போராடிப் பறித்தார்கள். பறையைக் குழியில் போட்டுப் புதைத்திருந்தால் அந்தப் போராட்டத்துக்கே இடம் இருந்திருக்காது. தப்பை யார் வேண்டுமானாலும் கற்கட்டும், கற்றுத் தருகிறவருக்கு மாஸ்டருக்குரிய மரியாதையும் கூலியும் கிடைக்கட்டும். கொழுந்து பறிக்கும் பெண் ரதியாகட்டும். இதற்கெல்லாம் முதலில் கூத்து உயிரோடு இருக்க வேண்டும்.

மேடைக்காரர்கள் இங்கேதான் குறுக்கே வருகிறார்கள். சாதிச் சண்டை வேண்டாம், இரவு விழிப்பு வேண்டாம், தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் சாகித்திய விழாவுக்கும் இருபது நிமிடத்தில் தயாரித்து வைப்போம், கூத்தும் பிழைக்கும், பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கிடைக்கும் என்பது அவர்கள் யோசனை. பாடசாலையில் பிள்ளைகள் கூத்துப் பழகுவது நல்லது. அந்த ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதோடு கூத்து பிழைத்துவிட்டது என்று நம்புவது ஏமாற்று. மேடையில் ரதி யாரைப் பார்த்துப் புலம்புகிறாள்? முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரதம விருந்தினரைப் பார்த்து. பொட்டலில் அவள் புலம்பும்போது சுற்றி நிற்பது, அந்த வருடம் புருஷனை இழந்தவளும் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பியவளும். மேடையில் கோமாளிக்கு எழுதிக் கொடுத்த வசனம்தான் உண்டு. பொட்டலில் அவன் சங்கத் தலைவரையும் கணக்கப்பிள்ளையையும் பேர் சொல்லிக் கேட்பான், கூட்டம் ஆர்ப்பரிக்கும், கேட்கப்பட்டவர் கோபப்பட முடியாது. அந்த அனுமதி வேடத்துக்கும் இரவுக்கும் மட்டுமே உரியது. போட்டிக்கு எந்தக் கல்வி வலயம் அந்தக் கோமாளியை அனுப்பும்?

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்று சட்டம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில் கூத்து ஒலிபெருக்கியால் வளரவில்லை. தப்பும் தொண்டையும் போதும்.

இப்போது ஹாலோவீனுக்கு வருகிறேன். கொழும்பு ஹோட்டல்களில் ஒக்டோபர் 31 இரவு வேட விருந்து நடக்கிறது, கைபேசியில் அந்தப் படங்கள் எல்லா லயத்துக்கும் வருகின்றன. அதைப் பார்த்து நம் பையன்கள் ஆசைப்படுவதில் எனக்குக் கோபம் இல்லை. ஹாலோவீன் பிறந்தது பணக்காரர் வீட்டில் அல்ல. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் குளிர்காலம் தொடங்கும் இரவில், ஏழைப் பிள்ளைகள் வேடம் கட்டி வீடு வீடாகப் போய்த் தின்பண்டம் வாங்கிய வழக்கம் அது. 1840-களில் பஞ்சம் அடித்து விரட்ட, கப்பலேறி அமெரிக்கா போன அயர்லாந்துக்காரர் அதைக் கூடவே கொண்டு போனார்கள். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி, கூத்தைக் கூடவே கொண்டுவந்த நம் முன்னோருக்கு அவர்கள் அந்நியர் அல்லர். அமெரிக்காவில் அவர்களையும் கேவலமாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் அவர்கள் அந்த இரவை விடவில்லை, இன்று உலகம் அதைக் கொண்டாடுகிறது.

டிரினிடாட் தீவு இன்னும் நெருங்கிய உதாரணம், ஏனென்றால் அதுவும் தோட்டத்துக் கதை. கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் 1838-இல் முழு விடுதலை பெற்ற பிறகு, தீப்பந்தம் ஏந்தி, மேளம் முழக்கி, வேடம் கட்டி இரவில் தெருவில் இறங்கினார்கள். கான்புலே என்பது அதன் பெயர். படித்த கனவான்கள் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். 1881-இல் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில் பொலிஸ் தடியோடு அடக்க வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். பிறகு மேளத்தைத் தடுத்தார்கள். மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிப் புதிய வாத்தியமே செய்தார்கள். அன்று வெட்கப்பட்ட கனவான்களின் சந்ததி இன்று அந்தக் கார்னிவலை நாட்டின் பெருமை என்கிறது.

தமிழரிடமே வேறு சாட்சி வேண்டுமென்றால் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தைப் பாருங்கள். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆயிரக்கணக்கானோர் காளியாகவும் குறவராகவும் பிச்சைக்காரராகவும் பொலிஸ்காரராகவும் வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். அங்கே எவரும் அதை இருபது நிமிடத்துக்குச் சுருக்கச் சொல்லவில்லை. அது வருடத்துக்கு வருடம் பெருகுகிறது.

ஆகவே, பிள்ளையே, ஹாலோவீன் போடாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊவாவில் ஒக்டோபர் கடைசி எப்படிப்பட்ட காலம் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும் என்பேன். மழை மலையைக் கரைக்கும் காலம் அது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடியது. அந்தக் கிழமையில் பிணவேடம் கட்டி விளையாட மனம் வராத குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. மாசி அப்படியல்ல. மழை ஓய்ந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், மூன்றாம் பிறையிலிருந்து நிலா நாளுக்கு நாள் வளரும். இந்த மலையில் இரவு நடையைத் தொடங்கியவர்கள் மண்ணையும் வானத்தையும் பார்த்துத்தான் நாள் குறித்தார்கள்.

எல்ல நகரத்தில் நள்ளிரவிலும் வெளிநாட்டார் நடமாடுகிறார்கள், பாட்டும் விளக்கும் அணைவதில்லை. அது வருமானம் என்று எல்லாரும் வாழ்த்துகிறார்கள். அவர்களுக்குக் கோப்பை தூக்கிப் பரிமாறும் பையன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனாக இருக்கலாம். விருந்தாளிக்கு இரவு இருக்கும்போது அவனுக்கு ஏன் இருக்கக்கூடாது?

2023-இல் மலையகத்தின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோம். முன்னோர் காட்டு வழியே நடந்து வந்து, வழியிலேயே பலர் மடிந்த தடம் அது. கூத்தைப் பார்த்து வெட்கப்படும் படித்தவர்களில் பலர் அந்த நடையை மனமார வாழ்த்தினார்கள், சிலர் கூடவே நடந்தார்கள். அவர்களிடம்தான் கேட்கிறேன். இருநூறு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது வரலாறு, வருடா வருடம் லயத்தைச் சுற்றி நடப்பது கேவலம் என்று எப்படி ஆயிற்று? வந்தவர்கள் பாதையில் பாடிக்கொண்டு வந்த பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடினால், அதில் ஒரு பங்கு காமன் பொட்டலில்தான் கிடைக்கும்.

வேண்டுகிறவை பெரியவை அல்ல. கூத்தின் கடைசி இரவுக்கு மறுநாள் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கேட்க முடிந்த தொழிற்சங்கங்களால் இதையும் கேட்க முடியும். உயிரோடு இருக்கும் மாஸ்டர்களின் பாட்டையும் அடவையும் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவுக்கு அவர்களுக்குப் பணம் தர வேண்டும். தப்புக்காரருக்குக் கூலி நிர்ணயிக்க வேண்டும், வேடத்துக்குச் சாதி பார்ப்பதில்லை என்று கோயில் கமிட்டி எழுதிக் கையெழுத்திட வேண்டும். ரதி கட்ட விரும்பும் பெண்ணுக்கு வேடமும் பாதையும் திறந்திருக்க வேண்டும், அவள் இரவில் பத்திரமாக வீடு திரும்புவதற்குக் கமிட்டி பொறுப்பேற்க வேண்டும். வருகிற மாசிக்கு முன்பே, தை மாதக் கமிட்டிக் கூட்டத்தில், இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தோட்ட நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுப்போம். கூட்டத்துக்கு ஒக்டோபரில் முகமூடி வாங்கிய பையன்களையும் கூப்பிடுவோம். எமனுக்கும் வீரபத்திரனுக்கும் ஆள் தேவைப்படுகிறது.